டல்லான ஏரியாவில் மலிவாக வீடு கிடைக்கிறது, போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது எப்படி?

சென்னைக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் புறநகரில் வீடு தேடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இப்படி ஒரு வீடு கண்ணில் படும். கேளம்பாக்கத்தைத் தாண்டி தையூர் பக்கம், இல்லையென்றால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம், அதுவும் இல்லையென்றால் முடிச்சூர் உள்ளே. மூன்று பெட்ரூம், கார் பார்க்கிங், நீச்சல் குளம் எல்லாம் இருக்கும், வேளச்சேரியில் சின்னதாக ஒரு வீடு வாங்கும் காசைவிடக் குறைவாக விலை சொல்வார்கள். விற்கிறவர் அவசரத்தில் இருப்பார். புரோக்கர் தானாகவே "சார், நீங்க பேசுங்க, இன்னும் ரெண்டு லட்சம் குறைப்பாங்க" என்பார்.

இப்படிப்பட்ட இடத்துக்குப் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். போய் நன்றாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அங்கே விலை ஏன் விழுந்தது என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. நல்லது கெட்டது எதை எடைபோட வேண்டும் என்பதே அந்தக் காரணத்தைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

விலை ஏன் விழுந்தது?

ஓ.எம்.ஆர்., அதாவது பழைய மகாபலிபுரம் சாலையின் கதை பலருக்கும் தெரியும். 2008-ல் ஆறு வழிச் சாலை வந்து, சிறுசேரி சிப்காட்டில் ஐ.டி. கம்பெனிகள் பெருகப் பெருக, பில்டர்கள் போட்டி போட்டுக்கொண்டு அடுக்குமாடிகளை எழுப்பினார்கள். வாங்கியவர்களில் கணிசமானவர்களுக்குக் குடியிருக்கும் எண்ணமே இல்லை, விலை ஏறினால் விற்றுவிடலாம் என்று வாங்கிப் போட்டார்கள். 2013, 2014 வாக்கில் விற்பனை தேங்கியது, 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்து இன்னும் அடி விழுந்தது, அப்புறம் பல வருடம் விலை நகரவே இல்லை. தேவைக்கு மேல் கட்டியதால் வந்த சரிவு இது, இது ஆறக்கூடிய காயம். புதிதாகக் கட்டுவது குறையும், காலி வீடுகள் மெல்ல நிரம்பும், கடை வரும், பள்ளிக்கூடம் வரும். ஆனால் ஐந்து வருடமும் ஆகலாம், பத்து வருடமும் ஆகலாம், அதுவரை காத்திருக்க உங்களால் முடியுமா என்பதுதான் கேள்வி.

வேலை போனதால் விழுந்த இடம் வேறு வகை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியது, அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கானும் அந்த டிசம்பரிலேயே அங்கே உற்பத்தியை நிறுத்தியது. மறைமலை நகரில் ஃபோர்டு 2021-ல் வெளியேறுவதாக அறிவித்து 2022-ல் கார் தயாரிப்பை முடித்துக்கொண்டது. பிற்பாடு நோக்கியா இடத்தை, செல்போன் சார்ஜர் செய்கிற சால்காம்ப் கம்பெனி எடுத்தது, ஃபோர்டும் எஞ்சின் தயாரிக்கத் திரும்பி வருவதாக 2025-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஊர் எழுந்துவிடும், சரி. ஆனால் நடுவில் இருக்கிற அந்த வருடங்களில் வாடகைக்கு ஆள் இருக்காது, விற்கப் போனால் கேட்பார் இருக்காது, இஎம்ஐ மட்டும் மாதம் தவறாமல் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும். அதனால் தொழிற்சாலைப் பகுதி என்றால் சுற்றுவட்டாரத்தில் எத்தனை தனித்தனி கம்பெனிகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரே கம்பெனியையும் அதற்குப் பாகம் செய்து கொடுக்கிறவர்களையும் நம்பி நிற்கிற ஊர் என்றால், உங்கள் வேலையும் அதே கம்பெனியில்தான் என்றால், அங்கே வீடு வாங்காதீர்கள். சம்பளமும் வீட்டு மதிப்பும் ஒரே நாளில் விழும்.

தண்ணீர் தேங்குவதால் விழுந்த விலை ஆறாது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் எப்படி நின்றது என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் அதே கதைதான். கால்வாய் வெட்டுகிறார்கள், மதகு கட்டுகிறார்கள், பலனும் இருக்கிறது, ஆனால் நிலம் தாழ்வானது தாழ்வானதுதான். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடியும்வரை அந்த எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் தூரத்துக்குப் புதிய கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. அந்தச் சுற்றளவில் மலிவாக ஏதாவது வந்தால், முதலில் வரைபடத்தில் தூரத்தை அளந்து பாருங்கள், அனுமதி எந்தத் தேதியில் வாங்கியது என்று கேளுங்கள், அதற்கப்புறம்தான் விலைப் பேச்சு.

இன்னொன்று, வரப்போகிற திட்டத்தைக் காட்டி விற்பது. மாதவரம் முதல் சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ வேலை நடக்கிறது, தூண்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, அதை ஓரளவு கணக்கில் எடுக்கலாம். பரந்தூர் விமான நிலையம் 2022-லிருந்து பேச்சில் இருக்கிறது, ஏகனாபுரம் மக்கள் நிலம் தர மாட்டோம் என்று வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். அதைச் சொல்லி ஒருவர் மனை விற்றால் அந்த வாக்குறுதிக்கு நீங்கள் பைசா கூடக் கொடுக்கக் கூடாது. என் அளவுகோல் எளிது: மெட்ரோ வராவிட்டாலும், ஏர்போர்ட் வராவிட்டாலும் இந்த விலைக்கு இந்த வீட்டில் குடியிருப்பேனா? இல்லை என்றால் வேண்டாம்.

ஆள் இருக்கிறார்களா?

டல்லான ஏரியாவில் கட்டடத்தைவிட முக்கியம், அதில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்பது. விற்பனை அலுவலகத்தில் எண்பது சதவீதம் ஆக்குபைட் என்பார்கள். விற்றது வேறு, குடியிருப்பது வேறு.

வார நாளில் ராத்திரி எட்டு மணிக்குப் போய் வெளியே நின்று எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் கீழே பார்க்கிங் ஓரத்தில் இருக்கும் மீட்டர் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வரிசையாக இ.பி. மீட்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றின் மேலும் வீட்டு எண் எழுதியிருக்கும். ஆள் இருக்கிற வீட்டு மீட்டரில் ரீடிங் ஆயிரக்கணக்கில் ஓடியிருக்கும், சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். கட்டி முடித்து ஆறேழு வருடம் ஆன கட்டடத்தில் ரீடிங் இரண்டு இலக்கத்தில் நிற்கிற மீட்டர்கள் இருக்கும் பாருங்கள், சிலதில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரித்திருக்காது. அந்த வீடுகளில் ஒருநாள் கூட யாரும் குடியிருந்ததில்லை. பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். வாட்டர் கேன் போடுகிற தம்பியிடமும் இஸ்திரி போடுகிறவரிடமும் பேசுங்கள், எந்த பிளாக்கில் எத்தனை வீடு, யார் போன மாதம் காலி செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு அசோசியேஷன் செயலாளருக்கே தெரியாது.

ஏன் இதற்கு இவ்வளவு அழுத்தம் என்றால், செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், செக்யூரிட்டி, ஜெனரேட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், பொது விளக்கு எல்லாம் இருநூறு குடும்பம் இருந்தாலும் எண்பது குடும்பம் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே செலவுதான். விற்காத வீடுகளுக்கு பில்டர் மெயின்டனன்ஸ் கட்ட வேண்டும், பல இடங்களில் கட்டுவதில்லை. வெளிநாட்டில் இருக்கிற உரிமையாளர்கள் சிலர் பாக்கி வைப்பார்கள். கடைசியில் குடியிருக்கிறவர்கள் தலையில் விழும். சுத்திகரிப்பு நிலையத்தில் இன்னொரு சிக்கல், அது குறிப்பிட்ட அளவு கழிவுநீர் வந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். பாதிக் கட்டடம் காலி என்றால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் செத்து நாற்றம் கிளம்பும். கீழ்த்தள வீடு பார்க்கும்போது அந்தப் பக்கம் நடந்து போய் மூச்சை இழுத்துப் பாருங்கள்.

அசோசியேஷனிடம் கடைசி இரண்டு வருட வரவு செலவுக் கணக்கு கேளுங்கள். கார்ப்பஸ் நிதி, அதாவது பெரிய செலவுகளுக்காக எல்லோரிடமும் வாங்கிச் சேர்த்து வைத்த பணம் எவ்வளவு இருக்கிறது, பில்டர் அதை ஒப்படைத்தாரா, யார் யார் பாக்கி. கொடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

தண்ணீர்

செம்மஞ்சேரியோடு சென்னை மாநகராட்சி எல்லை முடிகிறது. நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-லிருந்து ஓடுகிறது, 2024-ல் இரண்டாவதும் சேர்ந்தது, ஆனால் ஆலை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக உங்கள் சம்ப்பில் தண்ணீர் வந்து விழாது. நிறைய அடுக்குமாடிகள் போர் தண்ணீரையும் லாரியையும் நம்பித்தான் இருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் வழக்கமான அளவுகோல். நால்வர் குடும்பம், இருநூறு வீடு என்றால் 1,08,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் ஒரு நாளைக்கு ஒன்பது நடை. போர் பாதி கொடுத்தாலும் நாலைந்து லாரி வர வேண்டும், கோடையில் லாரிக்காரர் சொன்னதுதான் விலை. 2019 கோடையில் ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சில, ஆபீஸில் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது நினைவிருக்கும். அதனால் மெயின்டனன்ஸ் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், மே மாதத் தண்ணீர் பில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். குழாயைத் திறந்து வாயில் ஊற்றிப் பாருங்கள், உப்பா இல்லையா என்று நாக்கு சொல்லிவிடும். பாத்ரூம் குழாய்களில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணக் கணக்கு

ஏற்கெனவே ஒருவர் வாங்கியதை மறுவிற்பனையில் 50 லட்ச ரூபாய்க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி 80 சதவீதம்தான் கொடுக்கலாம், ஆக 40 லட்சம் கடன், 10 லட்சம் கையிலிருந்து. பதிவுச் செலவு தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், அது நாலரை லட்சம், அதுவும் கையிலிருந்துதான். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு இஎம்ஐ சுமார் 34,700 ரூபாய் வரும். முதல் மாதம் அதில் 28,000-க்கு மேல் வெறும் வட்டி. அதே வீடு அங்கே 15,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்: முதலில் வாடகைக்குப் போங்கள்.

டல்லான ஏரியாவின் மிகப் பெரிய நன்மை என்று நான் நினைப்பதே இதுதான், வாடகை அடிமாட்டு விலையில் கிடைக்கும். பதினொரு மாத ஒப்பந்தம் போட்டு, நவம்பர் மழையும் மே மாத வெயிலும் இரண்டும் வருகிற மாதிரி தங்குங்கள். விலை ஓடுகிற ஏரியாவில் இப்படித் தாமதித்தால் வீடு கைவிட்டுப் போகும், இங்கே போகாது. அந்தப் பதினொரு மாதத்தில் சோழிங்கநல்லூர் சிக்னலில் தினமும் நின்று வேலைக்குப் போவது உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறதா, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடத்தில் போகலாம், எல்லாம் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

வாங்கிவிட்டு மூன்று வருடத்தில் விற்க வேண்டி வந்தால்? பதிவுக்கு 9 சதவீதம், வாங்கும்போதும் விற்கும்போதும் புரோக்கர் கமிஷன், உள் வேலைக்குச் செலவழித்தது, இவ்வளவும் திரும்ப வர விலை குறைந்தது 12, 13 சதவீதமாவது ஏற வேண்டும், அப்போதுதான் நீங்கள் போட்டது போட்டபடி வரும். ஏறாத ஏரியா என்றுதானே மலிவாக வாங்கினீர்கள்? எனவே வேலை மாற்றல் வரக்கூடியவர்கள், வெளிநாடு போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்கள், பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது விற்றுப் பணமாக்கலாம் என்று நினைப்பவர்கள் இங்கே வாங்க வேண்டாம். பத்து வருடம் அசையாமல் குடியிருக்கப் போகிறேன், இரண்டு பேரில் ஒருவர் சம்பளம் நின்றாலும் இஎம்ஐ கட்ட முடியும் என்கிறவர்களுக்கு, விலை ஏறினாலும் இறங்கினாலும் அது வெறும் எண்தான், அவர்கள் தாராளமாக வாங்கலாம். கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய வீடு என்றால் ஜி.எஸ்.டி. கிடையாது, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குப் பொதுவாக 5 சதவீதம் உண்டு, அதுவும் ஒரு லாபம். டல்லான ஏரியாவில் கட்டி முடிக்காத வீட்டுக்கு எந்தத் தள்ளுபடி கொடுத்தாலும் நான் போக மாட்டேன், விற்பனை இல்லாமல் பில்டர் கையில் பணம் வறண்டால் கட்டடம் பாதியில் நிற்கும்.

விலை விழுந்த இடத்தில் மட்டும் கடிக்கிற ஒரு விஷயம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. அரசு வழிகாட்டி மதிப்பு, நாம் கைடுலைன் வேல்யூ என்போம், அது சந்தை விலைக்கு மேலே நிற்கும். வீட்டை 40 லட்சத்துக்குப் பேசி முடிக்கிறீர்கள், கைடுலைன் 48 லட்சம் என்றால், பதிவுச் செலவு 48-க்குத்தான். அதோடு முடிவதில்லை. வித்தியாசம் நீங்கள் கொடுத்த விலையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த 8 லட்சமும் வருமான வரிக் கணக்கில் உங்கள் வருமானமாகச் சேரும், 30 சதவீத வரி கட்டுகிறவர் என்றால் 2.4 லட்சம் போச்சு. விற்கிறவருக்கும் 48 லட்சத்துக்கு விற்றதாகத்தான் கணக்கு. இந்தச் சங்கடத்தால்தான் 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது, கூடவே பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக ஏற்றியது. 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். எனவே பேரம் பேசும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் அந்தத் தெருவுக்கு என்ன மதிப்பு என்று பார்த்துவிடுங்கள்.

பேப்பரும் வங்கி ஏலமும்

பேப்பர் விஷயம் எந்த ஏரியாவுக்கும் பொதுதான்: முப்பது வருட வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி, நிறைவுச் சான்று, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், யூடிஎஸ், அதாவது கட்டடம் நிற்கும் பிரிக்கப்படாத நிலத்தில் உங்கள் பங்குக்கு வருவது எத்தனை சதுர அடி. வக்கீலிடம் காட்டிக் கருத்து வாங்குங்கள், புரோக்கர் சொல்லும் வக்கீல் வேண்டாம். மனை என்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அனுமதியில்லாத மனைகளுக்குத்தான், அவற்றைச் சட்டப்படி முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது, வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். குறுக்கு வழி ஒன்று உண்டு: இரண்டு பொதுத்துறை வங்கிகளில் அந்த வீட்டுக்குக் கடன் கேளுங்கள். இரண்டுமே தயங்கினால் விட்டுவிடுங்கள்.

இப்படிப்பட்ட ஏரியாக்களில் வங்கி ஏல வீடுகள் அதிகம் வரும். கடன் கட்டாதவர் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தில் ஏலம் விடுவார்கள், விலை கவர்ச்சியாக இருக்கும். அறிவிப்பில் வீடு வங்கியின் கையில் நேரடியாக இருக்கிறதா, காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறதா என்று போட்டிருப்பார்கள், காகிதத்தில் மட்டும் என்றால் உள்ளே இன்னும் ஆள் குடியிருக்கலாம், காலி செய்ய வைப்பதற்குள் மாதங்கள் ஓடும். ஏலம் உங்களுக்கு விழுந்தால் அன்றோ மறு வேலை நாளுக்குள்ளோ 25 சதவீதம் கட்ட வேண்டும், மீதியைப் பதினைந்து நாளில், வங்கி எழுத்தில் ஒத்துக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம். கட்ட முடியாவிட்டால் கட்டிய 25 சதவீதமும் போய்விடும். அதனால் கடன் ஒப்புதலைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏலத்துக்குப் போக வேண்டும். இருக்கிறபடியே விற்கிறார்கள் என்பதால் சொத்து வரி பாக்கி, இ.பி. பாக்கி, அசோசியேஷன் பாக்கி எல்லாம் உங்கள் தலையில். அசோசியேஷன் பாக்கி மட்டுமே லட்சங்களில் இருக்கலாம், முன்கூட்டியே விசாரித்துக் கழித்துக்கொண்டு ஏலம் கேளுங்கள்.

விலை பேசும்போது

எல்லாம் பார்த்து, வாங்கலாம் என்று முடிவாகிவிட்டதா? இங்கே பேரத்தில் கை ஓங்கி இருப்பது உங்களுக்குத்தான், அதை மரியாதையாகப் பயன்படுத்துங்கள். விற்கிறவர் பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒரு குடும்பஸ்தர்தான், நஷ்டத்தில் விற்கிறார். அதே கட்டடத்தில் கடைசி ஒரு வருடத்தில் பதிவான விற்பனைகளின் விலையைக் காட்டிப் பேசுங்கள், விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையைப் பேச்சிலேயே எடுக்காதீர்கள். அவருக்கு வங்கிக் கடன் இருந்தால் பாக்கி எவ்வளவு என்று வங்கிக் கடிதத்தில் பாருங்கள். நீங்கள் பேசும் விலை அந்தப் பாக்கியைவிடக் குறைவென்றால், மீதியை அவர் எங்கிருந்து கட்டிப் பத்திரத்தை மீட்பார் என்று தெளிவாகும்வரை டோக்கன் கூடக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும்: வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரும், பதிவு நாள்வரையிலான மெயின்டனன்ஸ், வரி, மின் பாக்கி அவருடையது, அசோசியேஷனிடமிருந்து பாக்கி இல்லை என்ற கடிதம் பதிவுக்கு முன் கைக்கு வர வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொள்கிற ஒருவரிடம் பேசி முடியுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பக்கத்து பிளாக்கிலேயே இன்னொரு வீடு விற்பனைக்கு இருக்கும்.